ஒன்பதாவதை முதலில் பார்த்திருக்கலாம்

நான் செய்த சின்னத் தவறுகள் எல்லாம் அவசரத்தில் செய்தவை. பெரிய தவறு ஒன்றே ஒன்றுதான். அதை நிதானமாக, விதிப்படி, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் செய்தேன்.

முப்பத்து மூன்று வருடம் அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன் நான். (எந்தத் துறை என்று கேட்காதீர்கள். குளம், மடை, வாய்க்கால் சம்பந்தப்பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.) அலுவலக நடைமுறை எனக்கு மனப்பாடம். ஒரு குண்டூசியை ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு மாற்ற எந்தப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். யாரும் கேட்டதில்லை. கேட்காமலேயே சொல்வேன். அதனால் மதிய உணவுக்கு என்னோடு உட்கார ஆள் கிடையாது.

எண்பதுகளின் கடைசி. தென்காசி அலுவலகத்தில் நான் கண்காணிப்பாளர். தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெட்டி வந்தது. மூடினால் சூட்கேஸ், திறந்தால் கம்ப்யூட்டர். இன்றைக்கு என் பேரன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு படுத்தபடி தட்டுகிறானே லேப்டாப், அதற்குப் பெரியப்பா முறை. மடியில் வைத்தால் கால் மணி நேரத்தில் தொடை மரத்துவிடும். திரை, மழை பிடிக்கப் போகிற வானத்தின் நிறத்தில் இருக்கும். உள்ளே எதுவும் நினைவில் நிற்காது. (இந்த விஷயத்தில் எங்கள் மேலதிகாரிகளைப் போலத்தான்.) வலது பக்கவாட்டில் ஒரு வாய். அந்த வாயில் உள்ளங்கை அகலமுள்ள பிளாப்பித் தட்டு ஒன்றைப் போட்டால்தான் பெட்டி கண் விழிக்கும். விழித்தபின் அதை எடுத்துவிட்டு, விவரங்கள் பதிந்த தட்டைப் போட வேண்டும்.

அதை எழுப்பத் தெரிந்தவர் எங்கள் அலுவலகத்தில் ஒருவர்தான். தட்டச்சர் கோமதி. மதுரையில் பத்து நாள் பயிற்சி என்று சுற்றறிக்கை வந்தபோது, நிரந்தர ஊழியர்கள் ஆளுக்கொரு மருத்துவச் சான்றிதழோடு வந்து நின்றார்கள். தற்காலிக ஊழியரான கோமதி மட்டும் போனார். வயது முப்பத்தைந்து இருக்கும். கணவர் செங்கோட்டையில் ஒரு மர அறுவை மில்லில் வலது கையை இழந்துவிட்டு வீட்டில் இருந்தார். கோமதியின் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது.

எட்டு வருடமாகத் தற்காலிகம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவரை ஒரு நாள் வேலையிலிருந்து நீக்கிவிட்டு மறுநாள் சேர்த்துக்கொள்வோம். தொடர்ந்து வேலை பார்த்தேன் என்று பின்னால் உரிமை கேட்டுவிடக் கூடாது அல்லவா? அந்த நீக்க ஆணையை நான்தான் எழுதுவேன். என் கையெழுத்து அச்சடித்ததுபோல் இருக்கும். நீக்கப்பட்ட அந்த ஒரு நாளிலும் கோமதி அலுவலகத்துக்கு வந்து வேலை பார்த்துவிட்டுத்தான் போவார். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து மட்டும் போடமாட்டார்.

அந்த வருடம் மேலிடம் அந்த ஏற்பாட்டையும் நிறுத்திவிட்டது. இனி நீட்டிப்பு கிடையாது. ஆடி மாதக் கடைசிக்குள் நிரந்தரம் ஆக்கு, இல்லையென்றால் அனுப்பிவிடு. முடிவெடுக்க வேண்டியவர் எங்கள் டைரக்டர். அவர் மெட்ராஸிலிருந்து ஆய்வுக் கூட்டத்துக்கு வருவதாகவும், பெட்டியில் நடந்திருக்கும் வேலையைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கோமதியின் கோப்பில் கையெழுத்துப் போடுவதாகவும் தகவல் வந்தது. கூட்டம் குற்றாலத்தில், சீசன் நேரத்தில். (எங்கள் துறையின் ஆய்வுக் கூட்டங்கள் எப்போதும் சாரல் விழும்போது குற்றாலத்தில்தான் நடக்கும். சித்திரை வெயிலில் சங்கரன்கோவிலில் ஆய்வு நடந்ததாக எனக்கு நினைவில்லை.)

காட்டுவதற்குக் கோமதியிடம் சரக்கு இருந்தது. வட்டாரத்துக் குளங்கள், ஒவ்வொரு குளத்துக்கும் எத்தனை மடை, எந்த மடையில் எத்தனை ஏக்கர் பாசனம் என்று எல்லாவற்றையும், கரையான் தின்று மிச்சம் வைத்த பதிவேடுகளிலிருந்து எட்டு மாதம் உட்கார்ந்து ஏற்றியிருந்தார். சுந்தரபாண்டியபுரத்துப் பதிவேட்டில் நடுப்பக்கங்களே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய், மடை திறக்கிறவர்களைக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார். அதற்குப் பயணப்படி கேட்கவில்லை. முன் அனுமதி பெறாத பயணம் என்பதால், கேட்டிருந்தாலும் நான் கொடுத்திருக்க மாட்டேன்.

எட்டு மாத உழைப்பும் ஒரே ஒரு தட்டில் இருந்தது. ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்கிறேன், இன்னொரு தட்டு வாங்கித் தாருங்கள் என்று பங்குனி மாதமே எழுதிக் கேட்டார். மூன்று கடைகளில் விலைப்புள்ளி வாங்கி இணைத்து மீண்டும் சமர்ப்பிக்கவும் என்று பச்சை மையில் எழுதித் திருப்பினேன். அந்தத் தட்டு தென்காசியில் ஒரு கடையில்கூடக் கிடையாது. அது எனக்கும் தெரியும்.

கூட்டத்துக்கு முதல்நாள் சாயங்காலம் பெட்டியை இயக்கிப் பார்த்தோம். ஒழுங்காக எழுந்தது, குளங்களை வரிசையாகக் காட்டியது. கோமதி அதை அணைத்து உறையில் போடப் போனபோதுதான் எனக்கு விதி நினைவுக்கு வந்தது.

மதிப்புமிக்க அரசுப் பொருளை அலுவலகத்தைவிட்டு வெளியே எடுத்துச் செல்லும்போது, அதன் திறப்புகள் அனைத்தையும் அரக்கு முத்திரையிட்டு மூட வேண்டும். இந்த விதியை எழுதியவர் மனதில் பணப்பெட்டியோ, வினாத்தாள் பெட்டியோ இருந்திருக்க வேண்டும். ஆனால் விதியில் 'அனைத்தையும்' என்று இருக்கிறது. பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மூடிக்குத் தாழ்ப்பாள் இருந்தது, அதற்கு ஒரு முத்திரை வைத்தேன். பக்கவாட்டில் வாய் இருந்தது.

"சார், அது தட்டு போடுத வாய்லா" என்றார் கோமதி.

யாராவது எதையாவது அதில் போட்டுவிடக் கூடாது என்பதற்குத்தான் விதி என்று அவருக்கு விளக்கினேன். முதலுதவிப் பெட்டியிலிருந்து காயம் கட்டும் வலைத்துணியை எடுத்து வாயின்மேல் ஒட்டி, மெழுகுவர்த்தியில் அரக்கை உருக்கி, அதன்மேல் தாராளமாக ஊற்றி, பித்தளை முத்திரையைப் பதித்தேன். அழகான முத்திரை. கோமதியும் டவாலியும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். சட்டைக் கையில் இரண்டு சொட்டு அரக்கு விழுந்ததைத் தவிர வேறு குறை இல்லை. வலைத்துணியில் ஓட்டை உண்டு என்பதும், உருகிய அரக்கு ஓட்டை வழியாக இறங்கும் என்பதும் எம்.ஏ. படித்த எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை ஜீப்பில் கிளம்பினோம். மேலகரம் தாண்டும்போதே சாரல் பக்கவாட்டில் வந்து அடித்தது. அந்த ஜீப்புக்குப் பக்கத்துப் படுதா இல்லை. (படுதா கேட்டு எழுதிய கோப்பு அப்போது நான்காவது வருடத்தில் நடந்துகொண்டிருந்தது.) கோமதி பெட்டியை மடியில் வைத்து, தன் குடையை விரித்துப் பெட்டிக்குப் பிடித்துக்கொண்டு வந்தார். குற்றாலம் போய்ச் சேர்ந்தபோது பெட்டியில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. கோமதியின் சேலையைப் பிழிந்தால் ஒரு வாளி தேறும்.

கூட்டம் நடக்கவிருந்த அரசு பங்களாவில் டைரக்டர் ஏற்கெனவே எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். ஐந்தருவிக்குப் போகிற வழியில் எட்டிப் பார்ப்பதாகச் சொல்லி அனுப்பினார். கூடத்து மேசையில் பெட்டியை வைத்து, சாட்சிகள் முன்னிலையில் முத்திரைகளை உடைத்தேன். வாயை மூடியிருந்தது மட்டும் சுலபத்தில் வரவில்லை. பேனாக்கத்தியால் நெம்பினேன். முக்கால்வாசி வெளியே வந்தது. மீதி கால்வாசி எங்கே என்று நான் கேட்கவில்லை.

கோமதி, பெட்டியை எழுப்புகிற தட்டைப் போட்டு விசையை அழுத்தினார். உள்ளேயிருந்து கரகரவென்று, தொண்டை கட்டிய ஆள் கனைப்பதுபோல ஒரு சத்தம். திரையில் ஒரே ஒரு ஆங்கில வரி. சரியான தட்டைப் போடவும் என்று அர்த்தம். போட்டிருந்தது சரியான தட்டுத்தான்.

எனக்குப் பதற்றமே இல்லை. கையேடு கையில் இருந்தது. அதில் 'இயந்திரம் தொடங்காவிட்டால்' என்று ஒரு அத்தியாயம். ஒன்பது வரிகள். முந்தின வாரமே படித்து, ஒவ்வொரு வரிக்கும் எதிரே பென்சிலால் கட்டம் போட்டு வைத்திருந்தேன், முடிக்க முடிக்க டிக் அடிக்க வசதியாக. கோமதி என் தோளுக்குப் பின்னாலிருந்து அதைப் படித்தார்.

"சார், ஒம்பதாவதை மொதல்ல பாத்துருவமா? வாய்க்குள்ள எதுவும் மாட்டியிருக்கான்னு பாக்கச் சொல்லுதான். டார்ச் அடிச்சா தெரிஞ்சிரும்."

ஒன்பதாவது ஒன்பதாவதாக இருப்பதற்கு ஒரு காரணம் இருக்கும் என்றேன்.

முதல் வரி, மின்சாரம் வருகிறதா. வந்தது, ஆனால் பாதி உயிரோடு வந்தது. சீசன் நேரத்தில் குற்றாலம் முழுக்கத் தங்கும் விடுதிகளில் வெந்நீர் போடுவார்கள். பங்களா பல்பு குங்குமப் பொட்டு மாதிரி எரிந்தது. இரண்டாவது வரி, வேறு பிளக்கில் செருகிப் பார்க்கவும். செருகினோம். பங்களாவில் மொத்தம் ஐந்து பிளக்குகள் இருந்தன. ஐந்தையும் பார்த்தேன். ஐந்தாவது குளியலறையில் இருந்தது. ஈரத் தரையில் செருப்போடு நின்று, கோமதி பெட்டியைக் கையில் ஏந்தியிருக்க, நான் செருகினேன். அதே கரகரப்பு. அதே வரி. டிக் அடித்தேன்.

மின் அடாப்டரைக் கழற்றி மாட்டினோம். பேட்டரியை எடுத்துவிட்டு நேரடியாக ஓட்டினோம். பிறகு பேட்டரியில் மட்டும் ஓட்டினோம். ஒவ்வொரு முறையும் பெட்டி கனைத்தது. கோமதி ஒவ்வொரு முறையும் வாயைக் குனிந்து பார்ப்பார், நான் கையேட்டைப் பார்ப்பேன். இருட்டுக் கட்டியிருந்த அந்தக் கூடத்தில் டார்ச் இல்லாமல் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. டார்ச் ஜீப்பில் இருந்தது. எடுத்து வர இருபது அடி.

ஐந்தாவது வரி ஈரம். இயந்திரத்தில் ஈரம் ஏறியிருந்தால் உலர்ந்த, வெதுவெதுப்பான இடத்தில் சிறிது நேரம் வைக்கவும். அந்த மாதத்தில் குற்றாலத்தில் உலர்ந்த இடம் என்று ஒன்று இருந்தால் அது அடுப்பங்கரைதான். பங்களாச் சமையல்காரர் இசக்கி அண்ணாச்சி அதுவரை வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது தன் துறைக்குள் விஷயம் வந்துவிட்ட உரிமையோடு உள்ளே வந்தார்.

"சீசன்ல தீப்பெட்டியே பத்த மாட்டேங்கு. இது எப்படி சார் எந்திரிக்கும்? அடுப்புப் பக்கம் குடுங்க. நான் அப்பளமே அங்கனதான் காய வைக்கேன்."

விறகடுப்பின் மேடையில், அப்பளத்துக்கும் புளிச் சட்டிக்கும் நடுவே, அரசாங்கத்தின் கம்ப்யூட்டர் அரை மணி நேரம் குளிர் காய்ந்தது. ஈரம் போயிற்றோ இல்லையோ, உள்ளே கெட்டியாகக் கிடந்த அரக்கு இளகியது. தட்டைப் படிக்கிற பாகத்தின்மேல் பூசியதுபோல இறங்கி உட்கார்ந்தது. இது எனக்கு அப்போது தெரியாது. நல்ல சூடு ஏறியிருக்கிறது என்று திருப்திப்பட்டு டிக் அடித்தேன்.

அந்த நேரத்தில்தான் டைரக்டர் வந்தார். இடுப்பில் துண்டு, தலையிலிருந்து கால்வரை எண்ணெய் மினுமினுப்பு. ஒரு ஆள் சீயக்காய்க் கிண்ணத்தோடு பின்னால் நின்றார். பெட்டியையும் புளிச் சட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என்ன கோளாறு என்று என்னைக் கேட்டார்.

இந்த இடத்தில் ஒரு மனிதன் 'தெரியவில்லை' என்று சொல்லலாம். அதற்கு விதியில் தடை இல்லை. நான் முப்பத்து மூன்று வருட வேலையில் ஒரு முறைகூட அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

"ஈரம் சார். கொண்டுவந்தவங்க இன்னும் கொஞ்சம் கவனமா வச்சிருக்கணும்."

கொண்டுவந்தவர் என் பக்கத்தில், நனைந்த சேலையில் நின்றுகொண்டிருந்தார். டைரக்டர் அவரை ஒரு பார்வை பார்த்தார். திரும்பி வரும்போது ஓடினால் பார்க்கிறேன், சாப்பிட்டதும் கிளம்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டு அருவிக்குப் போனார்.

ஆறாவது வரி, விசையை அணைத்துப் பத்து நிமிடம் காத்திருக்கவும். காத்திருந்தேன், கைக்கடிகாரத்தைப் பார்த்து. ஏழாவது வரி, வேறு தட்டு ஒன்றைப் போட்டுப் பார்க்கவும். பெட்டியை எழுப்புகிற தட்டு எங்களிடம் இரண்டு இருந்தன. இரண்டாவதைப் போட்டோம். இந்த முறை கரகரப்புக்குப் பதில், ஈரத் துணியில் செருப்புத் தேய்ப்பதுபோல ஒரு சத்தம். தட்டை வெளியே எடுத்தபோது அதன் ஓரத்தில் நகர்கிற தகரக் கதவு ஒட்டிக்கொண்டு மூடவில்லை. அதை அபசகுனமாகக்கூட நான் எடுத்துக்கொள்ளவில்லை.

வரியில் ஒரு அடைமொழி கூடுதலாக இருந்தது. 'நன்றாக இருப்பதாக உறுதிசெய்யப்பட்ட' வேறு தட்டு. நன்றாக இருப்பதாக முந்தின நாள் சாயங்காலம் எங்கள் கண்ணாலேயே உறுதிசெய்த தட்டு இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. அது பெட்டியை எழுப்பாது. ஆனால் திரையில் வேறு செய்தி வந்தால், வாய் சரியாகப் படிக்கிறது, கோளாறு மற்ற தட்டுகளில்தான் என்று நிரூபணம் ஆகும். இந்தத் தர்க்கத்தில் இன்றைக்கும் ஒரு ஓட்டை காண முடியாது.

கோமதி அந்தத் தட்டை பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதைக் கைக்குட்டையில் சுற்றி, தோள்பைக்குள் வைத்திருந்தார். கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

"இது மட்டும் வேண்டாம் சார். வாயைப் பாத்துட்டுப் போடுவோம். உங்களைக் கும்பிட்டுக் கேக்குதேன்."

எட்டு வருடத்தில் அவர் என் சொல்லுக்கு மறுசொல் பேசியது அன்றைக்குத்தான். இசக்கி அண்ணாச்சி வேறு பார்த்துக்கொண்டிருந்தார். நான் பொறுப்பேற்றுக்கொள்கிறேன், வேண்டுமானால் எழுதித் தருகிறேன் என்றேன். உண்மையிலேயே ஒரு தாளை எடுத்து, நாள், நேரம், பொருள் எல்லாம் போட்டு, மேற்படி தட்டினைச் சோதனைக்கு உட்படுத்துமாறு பணிக்கப்படுகிறது என்று எழுதிக் கையெழுத்திட்டு நீட்டினேன். அவர் அந்தத் தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். பிறகு கைக்குட்டையைப் பிரித்துத் தட்டை எடுத்து, தானே வாயில் போட்டார். என்னைப் போட விடவில்லை.

அதே செருப்புத் தேய்க்கிற சத்தம். அதே ஆங்கில வரி.

ஏழாவதுக்கு எதிரே டிக் அடித்தேன்.

எட்டாவது வரி, அருகிலுள்ள பழுதுபார்ப்பவரை அணுகவும். பெட்டியைத் தயாரித்தவர்களின் ஆள் பம்பாயில் இருந்தார். இசக்கி அண்ணாச்சி, கடைத்தெருவில் ரேடியோ பழுதுபார்க்கும் மைதீன் பாயைப் போய்க் கூட்டி வந்தார். அவர் அந்த மாதிரிப் பெட்டியை அதற்கு முன்னால் கண்டதில்லை. சட்டையைத் துடைத்துக்கொண்டு நேராக வந்தார். கையேட்டைக் கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு பென் டார்ச்சை எடுத்து, வாய்க்குள் அடித்து, மூக்கை அருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

"இதுக்குள்ள யாரு சார் தபாலாபீஸ் நடத்துதது?"

இடுக்கியால் இழுத்தார். சிவப்பாக, இழுத்தால் நூலாக நீண்டு ஒரு துண்டு வந்தது. பிறகு இன்னொன்று. அதில் வலைத்துணி இழை ஒன்று ஒட்டியிருந்தது. மூன்று தட்டுகளின் தகரக் கதவுகளையும் தள்ளிக் காட்டினார். மூன்றிலும் கீறல், கீறலின்மேல் சிவப்புப் பூச்சு. துடைத்தால் வருமா என்று கேட்டேன். துடைத்துப் பார்த்தார். தட்டின் கறுப்பும் சேர்ந்து வந்தது.

கோமதி அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஆறுதல் சொல்ல என்னிடம் நாலைந்து வாக்கியங்கள் எப்போதும் தயாராக உண்டு. அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார்.

"சார், டைரக்டர் சார் காரு இன்னும் கெளம்பல. பலாப்பழம் ஏத்திக்கிட்டு இருக்காவ."

நானும் பார்த்தேன். டிக்கி திறந்திருந்தது. ஒரு பலாப்பழம் உள்ளே போய்விட்டது. இன்னொன்றை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். டைரக்டர், குளித்துச் சாப்பிட்ட களையோடு, மங்குஸ்தான் கூடையை எங்கே வைப்பது என்று டிரைவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். படி இறங்கினால் முப்பது அடி. தப்பு என்னுடையது சார், அந்தப் பெண் பெட்டியை ஒரு சொட்டு நனையாமல் கொண்டுவந்தாள், விவரமெல்லாம் நேற்றுவரை இருந்ததை என் கண்ணால் பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். மூன்று வாக்கியம்.

ஆனால் வாய்மொழியாகச் சொன்னதற்கு ஆதாரம் எது? நேரடியாகப் போய்ச் சொன்னால், இடையில் இருக்கிற இரண்டு அதிகாரிகளைத் தாண்டிப் போனதாக ஆகாதா? இப்படியெல்லாம் அப்போது யோசித்ததாகத்தான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் யோசித்தது ஒன்றுதான். அந்த மனிதர் என்னைப் பார்த்து எப்படிச் சிரிப்பார் என்பதுதான்.

"எழுத்து மூலமா அனுப்பிருவோம். அதுதான் முறை" என்றேன் கோமதியிடம்.

டிக்கி மூடுகிற சத்தம் கேட்டது. ஒரு முறையில் மூடவில்லை, இரண்டு முறை அடித்து மூடினார்கள். கார் போயிற்று. மைதீன் பாய் கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். ஒன்பதாவதற்கு எதிரே டிக் அடிக்கத் தோன்றவில்லை. அந்தக் கட்டம் அப்படியே காலியாக இருக்கிறது.

அறிக்கையை எழுதத்தான் செய்தேன். ஒளிக்கவில்லை. நாலு பக்கம், இரண்டு இணைப்புகள். அது திருநெல்வேலிக்குப் போய், அங்கிருந்து மதுரைக்குப் போய், மெட்ராஸ் போய்ச் சேரும் முன் ஆடி முடிந்துவிட்டது. பதிவேடுகளைத் திரும்ப ஏற்ற எட்டு மாதம் வேண்டும், கோமதிக்கு இருந்தது பதினெட்டு நாள். அந்தப் பதினெட்டு நாளிலும் காலை எட்டு மணிக்கு வந்து உட்கார்ந்து, பெட்டி எழாததால் தட்டச்சு மெஷினிலேயே எழுபது குளம்வரை அடித்தார். கடைசி நாள் பீரோச் சாவி, பெட்டி, கெட்டுப்போன மூன்று தட்டுகள் எல்லாவற்றையும் பட்டியல் போட்டு ஒப்படைத்தார். பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்திட்டேன். இந்த முறை நீக்க ஆணையில் 'மறுநாள் சேர்த்துக்கொள்ளப்படுவார்' என்ற வரி இல்லை. கையெழுத்து வழக்கம்போல அச்சடித்ததுபோல் இருந்தது.

என் அறிக்கைக்குப் பதில் ஐப்பசியில் வந்தது. அரக்கு எந்த இருப்பிலிருந்து எடுக்கப்பட்டது, அதன் தரம் சோதிக்கப்பட்டதா என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். எனக்குத் தண்டனை எதுவும் இல்லை. விதிப்படி நடந்தவனை எப்படித் தண்டிப்பது? அடுத்த வருடம் பதவி உயர்வுகூட வந்தது.

வீட்டில் இதைச் சொல்லவில்லை. சட்டைக் கையில் இருந்த சிவப்பைப் பற்றி என் மனைவி செண்பகம் கேட்டதற்கு, சிவப்பு மை என்றேன். இஸ்திரி போடும்போது அந்த மை உருகி இஸ்திரிப் பெட்டியில் ஒட்டியது. அவள் அதற்கும் ஒன்றும் கேட்கவில்லை. செண்பகம் கேட்காமல் விடுகிற கேள்விகள் வீண் போவதில்லை, எங்கேயோ சேர்ந்துகொண்டிருக்கும்.

ஏழெட்டு வருடம் கழித்து, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த என் மகள் மேலகரத்தில் ஒரு பயிலகத்தில் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளச் சேர்ந்தாள். மூன்று தட்டச்சு மெஷின்களோடு ஆரம்பித்து வளர்ந்த இடம் என்றார்கள். நடத்துகிறவர் யாரென்று நான் விசாரிக்கவில்லை. இரண்டாம் நாள் சாப்பாட்டின்போது, டீச்சர் சொன்ன கதை என்று ஆரம்பித்தாள். இயந்திரம் எழுந்திருக்காவிட்டால் முதலில் வாயைப் பார்க்க வேண்டுமாம். ஏனென்றால் ஒரு ஆபீஸர், அந்தக் காலத்தில், கம்ப்யூட்டர் வாய்க்கு அரக்கு முத்திரை வைத்துவிட்டு, அதை அடுப்பங்கரையில் காய வைத்தாராம். சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் ரசம் புரையேறியது.

"பேரு சொன்னாங்களா?" என்றேன்.

"இல்லப்பா. 'எங்க சாரு'ன்னு மட்டும் சொன்னாங்க."

செண்பகம் ரசக் கரண்டியைக் கீழே வைத்தாள். "அந்த சாரு அன்னைக்கு வெள்ளைச் சட்டையா போட்டிருந்தாவன்னு நாளைக்குக் கேட்டுட்டு வா" என்றாள்.

அன்றோடு ரகசியம் முடிந்தது. மகள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு பேசினாள், பேசாமலிருந்ததே தேவலாம் என்று ஆயிற்று. மிக்ஸி ஓடாவிட்டால், டிவி தெரியாவிட்டால், "அப்பா கிட்டத்துல வந்தாங்களா?" என்பதுதான் முதல் கேள்வி.

மகளின் கல்யாணத்துக்குக் கோமதி வந்திருந்தார். தலையில் நரை, கூடவே கணவர். பந்தியைக் கவனிப்பதுபோல அவர்களைச் சுற்றிச் சுற்றி வந்தேன். இத்தனை வருடமாக மனதுக்குள் திருத்தித் திருத்தி எழுதி வைத்திருந்த வாக்கியங்களோடு கடைசியில் எதிரே போய் நின்றேன். அன்றைக்கு அந்தப் படியில் இறங்கிப் போயிருக்க வேண்டும் என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் கொஞ்சம் உயர்த்தி நிறுத்தினார். முகத்தில் கோபம் இல்லை. பழைய மரியாதை அப்படியே இருந்தது.

"எழுத்து மூலமா குடுங்க சார். அதுதான முறை."

மாலையும் கழுத்துமாகப் பின்னால் நின்ற மகள் அதைக் கேட்டுவிட்டாள். அதிலிருந்து என் வீட்டில் மன்னிப்பு என்ற ஒன்றை வாயால் கேட்க எனக்கு உரிமை போய்விட்டது. மோட்டாரை அணைக்க மறந்தாலும், காப்பியில் உப்பைப் போட்டாலும், பேரன்வரை எல்லாரும் ஒரே குரலில் சொல்வது அந்த வாக்கியம்தான். வீட்டுக்கு வரும் மாப்பிள்ளையின் உறவினர்களுக்கும் கதை தெரியும். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். கோமதி சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை என்பது மட்டும் எனக்கு நினைவிருக்கும்.

இப்போது அவர் கோயம்புத்தூரில் மகனோடு இருக்கிறார் என்று கேள்வி. மகளிடம் முகவரி வாங்கினேன். போன வாரம் உட்கார்ந்து எழுதினேன். பொருள், பார்வை எண் எதுவும் போடவில்லை. எழுதியது அந்த மூன்று வாக்கியங்கள்தான், ஆனால் நாலு நாள் ஆயிற்று. கை நடுக்கத்தில் எழுத்து கோணல்மாணலாக வந்திருந்தது. திருத்தி எழுதவில்லை.

மடித்து உறையில் போட்டுவிட்டு, உறையை மூட எதையோ தேடி மேசை இழுப்பறையைத் திறந்தேன். செண்பகம் பக்கத்தில் வந்து கோந்துப் புட்டியை வைத்தாள்.

"இது போதும்" என்றாள்.